பையில் ஒரு பழைய பாயிண்ட் செட்: சார்லஸ் கெட்டரிங்கின் கதை



உங்க வீட்டுல பழைய புல்லட் ஏதாவது நிக்குதா? தாத்தா ஓட்டினது, அப்பா விக்க மனசில்லாம வெச்சிருக்கறது, அந்த மாதிரி? இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லாட்டியும் படிங்க. இது வண்டியைப் பத்தி ஆரம்பிச்சு ஒரு மனுஷரைப் பத்தி முடியற கதை.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்றவங்க ஒரு வேலை செய்வாங்க, கவனிச்சிருக்கீங்களா? சாவியைப் போட்டுட்டு கிக்கரை மெதுவா அமுக்குவாங்க. கண்ணு ஹெட்லைட் மேல இருக்கற அம்மீட்டர்லயே இருக்கும். அதுல முள் இடது பக்கம் சாயும், திரும்ப நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரெஸரைப் பிடிச்சுக் கொஞ்சம் தள்ளி, அப்புறம்தான் ஒரே உதை. அந்த முள் ஏன் ஆடுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் மூடித் திறக்குது. மூடும்போது காயில்ல கரண்ட் ஓடுது, திறக்கும்போது நிக்குது. மெக்கானிக் அண்ணன்கள் பிளாட்டினம்னோ பாயிண்ட்னோ சொல்ற சமாச்சாரம் அதுதான்.

போன வருஷம் நான் என் வண்டியில இந்தப் பாயிண்ட்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். எட்டு மாசம் வண்டி தேன் மாதிரி ஓடிச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், செங்கல்பட்டு தாண்டி, எந்த முன்னறிவிப்பும் இல்லாம ஒரே நொடியில நின்னுடுச்சு. பிளக்கைக் கழட்டி எஞ்சின் மேல வெச்சு உதைச்சுப் பார்த்தேன். பொறி இல்லை. எதைத் திறந்து எதைப் பார்க்கறது? உள்ளே இருந்தது பிசின் ஊத்தி மூடின ஒரு கருப்புப் பெட்டி. மூணு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போனேன். அன்னைக்கு எனக்கு உதவி பண்ண பெரியவர் தன் கடை டப்பாவுல கிடந்த ஒரு பழைய பாயிண்ட் செட்டைப் போட்டு வண்டியை ஓட வெச்சார். அதுக்கு அப்புறம்தான் இந்தச் சின்ன சுவிட்சை யார் கண்டுபிடிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினப்போ கிடைச்சவர்தான் சார்லஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங்.

கண்ணு சரியில்லாத மாணவன்

1876 ஆகஸ்ட் 29. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், லவுடன்வில் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கெட்டரிங் பிறந்தார். மின்சாரம் எட்டிப் பார்க்காத வீடு. சின்ன வயசிலிருந்தே பார்வையில் கோளாறு. கொஞ்ச நேரம் படித்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். கண் விடவில்லை. படிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது. நம்மில் பலருக்கு ஒரு அரியர் விழுந்தாலே உலகம் முடிஞ்ச மாதிரி இருக்கும் இல்லையா? இவருக்குக் கல்லூரியே கைவிட்டுப் போச்சு.

அந்த இடைவெளியில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? தொலைபேசிக் கம்பம் நடுவது. குழி தோண்டுவது, கம்பி இழுப்பது, இணைப்பு கொடுப்பது. வெளிக்காற்றில் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. கைக்கு மின்சாரம் பழகியது. போகப் போக அந்தக் குழுவுக்கே மேஸ்திரி ஆனார். மறுபடியும் கல்லூரிக்குப் போனார். அறைத்தோழர்கள் பாடத்தை வாசிக்க, இவர் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். 1904-ல் மின்பொறியியல் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 27. அடுத்த வருஷம் ஆலிவ் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

கல்லாப் பெட்டி கற்றுக்கொடுத்த பாடம்

முதல் வேலை டேட்டன் நகரத்தில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில். கடைகளில் இருக்கும் கல்லாப் பெட்டி தயாரிக்கும் கம்பெனி. அந்தக் காலத்தில் அதன் கைப்பிடியைக் கையால் சுற்ற வேண்டும். அதை மின்மோட்டாரால் இயக்குவது இவருக்குக் கொடுத்த வேலை.

இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு மோட்டாரை நாள் முழுக்க ஓட்டணும்னா சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தாங்கற அளவுக்குப் பெரிசா செய்யணும். ஆனா கல்லாப் பெட்டி மோட்டார் ஓடப்போறது ஒரே ஒரு நொடி. அதுக்குள்ள எவ்வளவு சூடு ஏறிடும்? அதனால் ஒரு சின்ன மோட்டாரை, அதன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு சுமையில் ஒரு நொடி வேலை வாங்கலாம். கெட்டரிங் அதைச் செய்துகாட்டினார். மின்சாரக் கல்லாப் பெட்டி 1906-ல் வந்தது. இந்தப் பாடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

கொட்டகையில் பிறந்த பொறி

அதே கம்பெனியில் எட்வர்ட் டீட்ஸ் என்று ஒரு மேலதிகாரி. அவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டரிங் அங்கே போக ஆரம்பித்தார். பகல் முழுக்க கம்பெனி வேலை, ராத்திரியும் வார இறுதியும் கொட்டகை. கம்பெனியின் இன்னும் சில ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். கொட்டகைக் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

அப்போது கார்களில் பொறி உண்டாக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று மேக்னெட்டோ. காந்தம் சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கும், பேட்டரி வேண்டாம். ஆனால் விலை அதிகம், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பொறி மங்கலாக வரும், ஸ்டார்ட் பண்ணுவது கஷ்டம். இன்னொன்று உலர் பேட்டரியும், விர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும் காயிலும். ஒரு பொறிக்குப் பதில் பொறி மழை. பேட்டரி சீக்கிரம் காலி. அதனால் பல கார்களில் இரண்டையுமே பொருத்தியிருப்பார்கள். ஸ்டார்ட் பண்ணப் பேட்டரி, ஓடும்போது மேக்னெட்டோ. அப்பவே ஒன்றுக்கு ஒன்று துணை!

கெட்டரிங் கொண்டுவந்தது ஒரு எளிமையான சுற்று. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு கேம் ஒரு சுவிட்சைத் திறந்து மூடும். மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுருளில் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் நிரம்பும். சுவிட்ச் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரியும். சரியும் வேகத்தில் முதன்மைச் சுருளில் சில நூறு வோல்ட் கிளம்பும். இரண்டாவது சுருளில் சுற்றுகள் ஏறக்குறைய 100 மடங்கு. அங்கே பல ஆயிரம் வோல்ட். பிளக் முனையில் ஒரே ஒரு பொறி, சரியான நேரத்தில். முதல் வருஷ மின்சுற்று வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது புரியும். கரண்ட் எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அவ்வளவு வோல்ட். சுவிட்ச் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்தால் கரண்ட் வேகமாக நிற்காது. அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் ஒரு கண்டென்சர். கண்டென்சர் போன வண்டியில் பாயிண்ட் நீலமாகப் பொறி விட்டுக் கருகுவது இதனால்தான்.

1909-ல் கேடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் இந்த இக்னிஷனை ஆயிரக்கணக்கில் ஆர்டர் செய்தார். 1910 கேடிலாக்கில் அது ஏறியது. ஆர்டர் வந்தபோது இவர்களிடம் தொழிற்சாலை கிடையாது, கொட்டகைதான் இருந்தது. கெட்டரிங் சம்பள வேலையை விட்டார். டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்று பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் டெல்கோ.

அடுத்த அறுபது வருஷத்துக்கும் மேல் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இந்தச் சுற்றின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஓடின. 1955 முதல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட நம்ம புல்லட்டுக்கும் இதே சுற்றுதான். இன்னைக்கும் பொறியியல் புத்தகங்களில் இதற்குக் கெட்டரிங் இக்னிஷன் என்றே பெயர்.

கைப்பிடி திருப்பி அடித்த காலம்

புல்லட் கிக்கர் திருப்பி அடிச்சுக் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவங்களுக்கு அந்த வலி தெரியும். அப்போது கார்களுக்கு முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணணும். பொறி முந்திக்கொண்டால் கைப்பிடி எதிர்த்திசையில் பறந்து வரும். மணிக்கட்டு, கை, தாடை என்று எது சிக்கினாலும் உடையும். லேலண்டின் நண்பர் ஒருவர், நடுவழியில் நின்றுபோன காருக்கு உதவப் போய்த் தாடை உடைந்து, அதன் தொடர்ச்சியாக இறந்துபோனார் என்றும், அதனால்தான் லேலண்ட் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

எஞ்சினை மின்மோட்டாரால் சுற்றலாம் என்ற எண்ணம் புதுசு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கைவிட்டார்கள். எஞ்சினைச் சுற்ற ஏறக்குறைய எஞ்சின் அளவுக்கு மோட்டார் வேணும், அதுக்கு மேல பேட்டரி வேணும் என்றது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அது நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கான கணக்கு. கல்லாப் பெட்டி ஞாபகம் இருக்கா? எஞ்சின் கிளம்பத் தேவை சில நொடிதான். சின்ன மோட்டார், பெரிய பல்சக்கர விகிதம், சில நொடி மட்டும் அதிகச் சுமை. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியைச் சார்ஜ் பண்ணும். அதே பேட்டரி விளக்கையும் எரிக்கும், பொறியையும் கொடுக்கும்.

1911-ல் காப்புரிமைக்கு மனு போட்டார்கள். 1912 கேடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே அமைப்பில். இதற்காக இங்கிலாந்தின் டியூவர் கோப்பை கேடிலாக்குக்கு இரண்டாவது முறையாகக் கிடைத்தது. உடம்பில் வலு உள்ளவர்கள் மட்டும் ஓட்டிய பெட்ரோல் காரை இனி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஆனது. கைப்பிடி வேண்டாம் என்பதற்காகவே எலக்ட்ரிக் கார் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பெட்ரோலுக்கு மாறினார்கள். எலக்ட்ரிக் கார் அப்போது ஓரங்கட்டப்பட்டதற்கு, வேடிக்கையாக, ஒரு மின்மோட்டாரும் காரணம்.

தோல்வியும் அவருக்குத் தெரியும்

1916-ல் டெல்கோ விற்கப்பட்டு, பிறகு ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போனது. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவின் லிபர்ட்டி விமான எஞ்சினுக்கு டெல்கோ இக்னிஷன் போட்டார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒன்று போனாலும் இன்னொன்று ஓட்டும். விமானத்தில் நடுவானத்தில் இறங்கித் தள்ள முடியாது இல்லையா?

1920-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கெட்டரிங் தலைவர் ஆனார். 1947 வரை அந்த நாற்காலியில் இருந்தார். வந்த வேகத்தில் பெரிய அடி ஒன்று வாங்கினார். தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் கார் எஞ்சின் செய்ய நினைத்தார். நம்ம வண்டி எஞ்சின்ல அலுமினிய ஃபின் இருக்கே, அது மாதிரி வார்ப்பிரும்புச் சிலிண்டர் மேல் செம்புத் தகடுகளை ஒட்டினார். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும். யோசனை சரி. 1923-ல் செவர்லே அந்தக் காரை வெளியிட்டது. வெயிலில் எஞ்சின் சக்தி குறைந்தது, தட்டல் சத்தம் வந்தது. செய்தது 759 கார். வாடிக்கையாளர் கைக்குப் போனது சுமார் 100. அத்தனையையும் திரும்ப வாங்கினார்கள். கெட்டரிங் மனம் உடைந்து ராஜினாமா செய்வதாக எழுதினார். கம்பெனித் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடவில்லை, சமாதானப்படுத்தி வைத்துக்கொண்டார்.

இந்தத் தோல்வியை அவர் கையாண்ட விதம் சரிதான். கார் கெட்டது, திரும்ப வாங்கினார்கள், நஷ்டம் கம்பெனிக்கு. ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு கார்ச்சத்தம் உண்டு. அதற்குக் கொடுத்த விலை வேறு. அந்தக் கதையைச் சொல்லாமல் இவரை ஹீரோ ஆக்கிவிட்டுப் போக எனக்கு மனசு வரலை.

தட்டல் சத்தமும் ஈயமும்

எஞ்சினைக் கஷ்டப்பட்டு மேடு ஏற்றும்போது உள்ளே டக் டக் என்று ஒரு உலோகச் சத்தம் வரும். நாக்கிங், தட்டல். கெட்டரிங்கின் இக்னிஷன் வந்த பிறகு கார்களின் அழுத்த விகிதமும் ஏறிக்கொண்டிருந்தது. தட்டல் அதிகமானது. பழி யார் மேல்? புதுசா வந்த பேட்டரி இக்னிஷன் மேல். தன் பேர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு இவர் சும்மா இருப்பாரா?

இன்னொரு காரணமும் இருந்தது. மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்காக டெல்கோ லைட் என்ற 32 வோல்ட் விளக்கு அமைப்பை இவர்கள் விற்றார்கள். பெற்றோர் வாழ்ந்த மாதிரி வீடுகளுக்கு வெளிச்சம். அந்தச் சின்ன எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் கன்னாபின்னாவென்று தட்டியது. 1916-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை அளந்து பார்த்தார். பொறி பறந்த பிறகு, நெருப்பு இன்னும் போய்ச் சேராத கடைசிப் பகுதிக் கலவை தானாக வெடிப்பதுதான் தட்டல். ஆக இக்னிஷன் நிரபராதி, குற்றவாளி எரிபொருள்! எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் போட்டால் சூட்டை இழுத்துச் சீக்கிரம் ஆவியாகுமோ என்று ஒரு யோசனை. கையில் சாயம் இல்லை, அயோடின் இருந்தது, போட்டார்கள். தட்டல் நின்றது! அப்புறம் நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமில்லை, வேலை செய்தது அயோடின். தப்பான யோசனை சரியான கதவைத் திறந்தது. அங்கிருந்து ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு சுமார் 3 மில்லி போதும். 1923 பிப்ரவரி 2 அன்று டேட்டன் நகர பங்க் ஒன்றில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் எத்தில். ஈயம் என்ற சொல்லே பெயரில் இல்லை.

ஈயம் விஷம் என்பது அப்போது யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். பொதுச் சுகாதாரத் துறையினர் விற்பனைக்கு முன்பே கவலை தெரிவித்திருந்தார்கள். மிட்ஜ்லியே 1923-ல் ஈயப் பாதிப்பால் வேலையிலிருந்து ஓய்வு எடுக்க நேர்ந்தது. 1924-ல் கெட்டரிங்கைத் தலைவராகக் கொண்டு எத்தில் கம்பெனி தொடங்கியது. அந்த அக்டோபரில் நியூ ஜெர்ஸியின் பேவே ஆலையில் 5 தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். இதே சேர்மத்தைக் கையாண்ட வேறு ஆலைகளிலும் இறப்புகள்.

1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டு, அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கூட்டிய மாநாடு நடந்தது. 1926 ஜனவரியில் விசாரணைக் குழு, தடை செய்யப் போதிய ஆதாரம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது. விற்பனை மீண்டும் ஆரம்பமானது. தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்தத் தொழிலே.

மாற்று வழி இருந்ததா? இருந்தது. எத்தில் ஆல்கஹால் கலந்தால் தட்டல் குறையும் என்று கெட்டரிங் குழுவுக்கே தெரியும், சோதித்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் அதை நிறைய கலக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமைக்குள் பூட்ட முடியாது. 3 மில்லி ஈயத்துக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இன்று நாம் பங்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதை நினைத்துப் பாருங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் மேசை மேல் இருந்த விடைதான் அது.

ஈயப் புகை உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைப் பாதித்தது. அமெரிக்கா சாலை வாகனங்களுக்கு அதை 1996-ல் முழுமையாகத் தடை செய்தது. இந்தியாவில் 2000-ல் நின்றது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. அதாவது இதைப் படிக்கும் உங்களில் பலர் ஏற்கெனவே பிறந்துவிட்ட பிறகு.

கடைசி வருஷங்கள்

இதே இரட்டை முகம் அவருடைய இன்னொரு வேலையிலும் உண்டு. அப்போது குளிர்பெட்டிகளில் நச்சு வாயுக்கள்தான் இருந்தன, கசிந்தால் உயிர் போகும். பாதுகாப்பான வாயு ஒன்று வேண்டும் என்று கெட்டரிங் கேட்டார். 1928-ல் மிட்ஜ்லி குழு ஃப்ரியானைக் கொடுத்தது. எரியாது, மனிதனைக் கொல்லாது. அது ஓசோன் படலத்தைத் தின்னும் என்று தெரியவரும்போது இருவருமே உயிரோடு இல்லை. ஃப்ரியான் விஷயத்தில் அவர்களைக் குறை சொல்வது கஷ்டம், அந்த வேதியியல் அன்று யாருக்கும் தெரியாது. ஈயம் அப்படியில்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வெச்சுக்கங்க.

ரயில்களை நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்றிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் அவர் பங்கு பெரிது. மகன் யூஜினும் அந்த வேலையில் இருந்தார். 1945-ல் ஸ்லோனோடு சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். இன்று உலகப் புகழ் பெற்ற அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது. 186 காப்புரிமைகள், அவர் பெயரில் டேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு நகரம், பின்னாளில் ஒரு பொறியியல் பல்கலைக்கழகம். 1958 நவம்பர் 25 அன்று, 82 வயதில், டேட்டனில் காலமானார்.

சரி, வண்டிக்கு வருவோம்

கெட்டரிங் கதையைப் படிச்சு முடிச்ச கையோடு என் வண்டியைத் திரும்பப் பார்த்தேன். எலக்ட்ரானிக் இக்னிஷனைத் தூக்கி எறியலை. அது நல்ல பொருள். பாயிண்ட் தேயும், இடைவெளி மாறும், டைமிங் நழுவும். எலக்ட்ரானிக்ல அந்தத் தொல்லை கிடையாது. ஒன்னு கவனிங்க, பல கிட்டுகளில் காயில் அப்படியேதான் இருக்கு, புலம் சரியறதும் அப்படியேதான் இருக்கு. சுவிட்ச் மட்டும் டிரான்சிஸ்டர் ஆயிருக்கு. கெட்டரிங் இன்னும் உள்ளேதான் இருக்கார்.

வித்தியாசம் அது கெட்டுப்போற விதத்துல இருக்கு. பாயிண்ட் கெட்டுப்போறதுக்கு முன்னாடி சொல்லும். ஸ்டார்ட்டிங் தகராறு பண்ணும், வண்டி திணறும், கண்ணால பார்த்தா கருகல் தெரியும். எலக்ட்ரானிக் சொல்லாது. பேட்டரி வோல்ட் ரொம்ப இறங்கினாலும் சில பெட்டிகள் வேலையை நிறுத்திடும், பாயிண்ட் அதே பேட்டரியில மங்கலாகவாவது பொறி கொடுக்கும். அதனால ரெண்டையும் வெச்சுக்கறதுதான் புத்தி. நான் செஞ்சதைச் சொல்றேன், உங்களுக்கு உதவலாம்:

1. பழைய பாயிண்ட் தட்டு, கண்டென்சர் எதையும் தூக்கிப் போடாதீங்க. கிட் போடும்போது அட்வான்ஸ் யூனிட்டையும் கழட்டிட்டு காந்தம் வெச்ச ரோட்டர் போடற மாதிரி இருந்தா, அந்த அட்வான்ஸ் யூனிட்டும் அதோட போல்ட்டும்கூடப் பையில இருக்கணும். இல்லாட்டி வெறும் பாயிண்ட் தட்டை வெச்சு ஒன்னும் பண்ண முடியாது.

2. கழட்டறதுக்கு முன்னாடியே பாயிண்ட்டை வண்டியில வெச்சு இடைவெளியையும் டைமிங்கையும் சரியா செட் பண்ணிடுங்க. இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ., ஆனா உங்க வண்டி புத்தகத்துல இருக்கறதே முடிவு. அப்புறம் தட்டுலயும் அது உட்கார்ற இடத்துலயும் நேருக்கு நேர் ஒரு கோடு கீறிடுங்க. ரோட்டோரத்துல அந்தக் கோட்டைச் சேர்த்து வெச்சா போதும், டைமிங் ஏறக்குறைய வந்துடும்.

3. இதைத்தான் பலர் மறந்துடுவாங்க: காயில். எலக்ட்ரானிக்குக்குன்னு வர சில காயில்கள் 1.5 ஓம் மாதிரி குறைஞ்ச மின்தடையில இருக்கும். 12 வோல்ட்டுக்கு அதுல 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் அதைத் தாங்காது, சீக்கிரம் கருகிடும். 4 ஓம் பக்கத்துல இருக்கற காயில்னா 3 ஆம்பியர்தான். உங்க கிட் ஒத்துக்கிட்டா அந்தக் காயிலையே போடுங்க. ரெண்டு இக்னிஷனுக்கும் அது பொருந்தும்.

4. கண்டென்சருக்கும் பாயிண்ட்டுக்கும் போற ஒயரை நுனியில இணைப்பியோட விட்டு, இன்சுலேட் பண்ணிக் கட்டி வெச்சுடுங்க. நடுராத்திரி ஒயர் சீவற வேலை வேண்டாம்.

5. ஒரு தடவை வீட்டு வாசல்லயே மாத்திப் பாருங்க. பையில இருக்கற, சோதிச்சுப் பார்க்காத பேக்கப் ஒரு நம்பிக்கை மட்டும்தான். எனக்கு முதல் தடவை 50 நிமிஷம் ஆச்சு. இப்போ 20.

நம்ம படிப்புல எல்லாப் பாடமும் ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்லித் தருது. நாம செஞ்சது தப்பாப் போனா என்ன வழி, அதை யார் சுமப்பாங்கன்னு கேட்கறது குறைவு. செம்பு எஞ்சின் தப்பாப் போச்சு, காரைத் திரும்ப வாங்க முடிஞ்சது. காற்றில் விட்ட ஈயத்தைத் திரும்ப வாங்க முடியலை. ரெண்டையும் செஞ்சது ஒரே மூளை, ஒரே கை. அதே கைதான் கண்ணு தெரியாம கம்பம் நட்டுப் படிச்சு முன்னேறியது, ஆயிரக்கணக்கான மணிக்கட்டுகளை உடையாம காப்பாத்தியது. இவரை வணங்கணுமா திட்டணுமான்னு நான் முடிவு பண்ணலை. நீங்க பண்ணிட்டா எனக்கும் சொல்லுங்க.

அதுவரைக்கும், நீண்ட பயணம் போறீங்கன்னா சீட்டுக்கு அடியில துணியில சுத்தி அந்தப் பாயிண்ட் செட்டை வெச்சுக்கங்க. கூடவே ஒரு ஃபீலர் கேஜும்.